பாஞ்சாலி அக்காவின் முட்டி வலி

அத்தியாயம் 11

போன வாரத்துக்கு வந்த கடிதங்கள்ல பாதி ஆக்சிலியாவைத் திட்டித்தான் வந்திருக்கு. மீதிப் பாதி என்னை. "போன்ல இருந்த அந்தக் குரல் என்ன சொல்லுச்சுன்னு சொல்லாம முடிச்சுட்டா எங்களுக்கு எப்படித் தூக்கம் வரும்"னு அரூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. நியாயம்தான். இந்த வாரம் மறைக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை. சொல்லிடறேன், அப்புறம் தூக்கம் வருதான்னு நீங்களே பாருங்க.

புதுசா வந்து உக்காந்தவங்களுக்கு நாலு வரி. பாப்பாரப்பட்டிக்கு வெளியே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு இல்லம் இருக்கு. மாதா கோயில்ல வேதபாடம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியாரா இருந்த ஜோசப் ராஜும் அவர் சம்சாரம் ராஜமேரியும் நடத்துறது. புத்தி கலங்கி, ஊர் பேர் தெரியாம பஸ் ஸ்டாண்டுல திரிஞ்ச பதினாலு பொம்பளைங்களுக்கு அதுதான் வூடு. பின்னால பெரிய சபையோ டிரஸ்டோ எதுவும் கிடையாது. சுத்துப்பட்டுல நாப்பது குடும்பம் அரிசி, பருப்பு, பழைய சேலைன்னு கொடுத்துதான் அடுப்பு எரியுது. அவங்களை இல்லத்துல உபகாரிங்கன்னு சொல்லுவாங்க.

போன கார்த்திகை மழையில சமையக்கட்டுச் சுவரும் மேல்கூரையும் விழுந்துடுச்சு. அஞ்சு மாசம் பதினாலு பேரும் கோயில் மண்டபத்துல கிடந்தாங்க. இப்ப புதுக் கூரை போட்டாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பு.

அதுக்குப் பத்திரிகை வைக்கத்தான் இந்த வெள்ளிக்கிழமை காலையில ஜோசப் ராஜ் சலவை வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிறார். நேர்ல வைக்கிற முதல் பத்திரிகை பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுற பெரியண்ணனுக்கும் அவர் சம்சாரம் பாஞ்சாலிக்கும். ஏழு வருசமா வெள்ளிக்கு வெள்ளி ரெண்டு பெட்டி தக்காளி அந்த வூட்ல இருந்து வந்துச்சு. சுவர் விழுந்த காலையில டிராக்டரை அனுப்பி அத்தனை பேரையும் மண்டபத்துல கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவங்கதான். மழைக்கப்புறம் தக்காளி நின்னுபோச்சு. செடி அழுகியிருக்கும்னு இவங்க நினைச்சுக்கிட்டாங்க. நினைச்சதோட சரி, போய்க் கேக்கலை.

கேக்காத ஆளுங்க இல்லை இவங்க. அதைத்தான் சொல்ல வர்றேன். ராஜமேரிகிட்ட ஒரு தடிச்ச நோட்டு இருந்துச்சு. உபகாரிக்கு ஒரு பக்கம். யாருக்கு என்ன நோவு, யார் மகளுக்கு வரன் பாக்குறாங்க, யார் வூட்டு மாடு கன்னு போட்டிருக்கு, எல்லாம் அதுல இருக்கும். மாசம் ஒருக்கா ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, பேசிப் பேசி எழுதுவாங்க. வருசப் பிறப்பன்னிக்கு உபகாரிங்க பேரைச் சீட்டுல எழுதி பிஸ்கட் டப்பாவுல போட்டுக் குலுக்கி, இல்லத்துல ஆளுக்குச் சிலது எடுப்பாங்க. எடுத்த பேருங்களை அந்த வருசம் முழுக்கச் சாயங்கால ஜெபமாலையில நோவோட சேர்த்துச் சொல்லி வேண்டிக்கணும்.

பாஞ்சாலி சீட்டு இந்த வருசம் தெரசாவுக்கு விழுந்துச்சு. தெரசாவுக்கு நாப்பது வயசு இருக்கும். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல கிடைச்சவ. தன் ஊர் ஞாபகமில்லை, ஆனா ஒரு பேரைச் சொல்லிக் கொடுத்தா மறக்க மாட்டா. "பாலக்கோடு பாஞ்சாலி அக்கா, முட்டி வலி"ன்னு நாள் தவறாம சொல்லிக்கிட்டு இருக்கா. அந்த முட்டி வலி போன ஐப்பசியில ராஜமேரி விசாரிச்சு எழுதினது. அதுக்கப்புறம் யாரும் விசாரிக்காததால வலி அப்படியே நின்னுடுச்சு.

ஜோசப் ராஜுக்கும் ஒரு வழக்கம் உண்டு. 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்'ங்கிற வார்த்தையை லேசுல சொல்ல மாட்டார். சொல்லிட்டா எட்டு நாளுக்குள்ள அந்த வாசல்ல போய் நிப்பார். சைக்கிள் காலத்துல இருந்து அப்படித்தான். பாலக்கோட்டுல இருந்து பென்னாகரம் வரைக்கும் எல்லா உபகாரிக்கும் இது தெரியும். உபதேசியார் ஜெபிக்கிறேன்னு சொல்லிட்டாரா, அப்ப எட்டு நாளுக்குள்ள வந்துடுவாருன்னு வூட்ல காப்பித்தூள் வாங்கி வைப்பாங்க.

நோட்டு மழையில ஊறிக் கூழாப் போச்சு. ஓசூர்ல வேலையை விட்டுட்டு வந்திருந்த மக ஆக்சிலியா, "விடுங்கம்மா, இந்தக் காலத்துல யாரு நோட்டு வச்சிருக்கா"ன்னு போனைக் கையில எடுத்தா. இடிஞ்ச சுவரை வீடியோ எடுத்துப் போட்டா. பெங்களூரு, கோயமுத்தூர்னு நானூறு பேர் வந்து சேர்ந்தாங்க. அத்தனை பேருக்கும் பதில் சொல்ல அவளுக்கு ரெண்டு கை பத்தலை. அதனால யார் என்ன அனுப்பினாலும் அடுத்த நொடி போனே பதில் போடுற மாதிரி ஆட்டோ ரிப்ளை வச்சா. 'உங்கள் செய்தி கிடைத்தது. உங்களுக்காக ஜெபிக்கிறோம். அன்புடன், ஜோசப் ராஜ்.' அப்பா பேரையே போட்டுட்டா, மரியாதையா இருக்கும்னு.

போன வாரம் அந்த போன்ல பழைய குப்பையை ஒதுக்கறப்பதான் நாலு மாசமா திறக்காத ஒரு குரல் பதிவு அவ கண்ணுல பட்டுச்சு. பாலக்கோட்டு பாஞ்சாலி தை மாசம் அனுப்பினது. கீழேயே ஆட்டோ ரிப்ளை. இவ அதைத் தட்டிக் கேட்டா. இதுதான் அது:

"கண்ணு ஆக்சிலியா, நான் பாஞ்சாலி பேசறேன். வயித்துல ஏதோ கட்டிங்கறாங்க. சேலத்துக்குப் போயிப் படுக்கணுமாம். எனக்குப் பயமா இருக்குது கண்ணு. அப்பாவை ஒருவாட்டி வந்து தலையில கை வச்சுட்டுப் போகச் சொல்லு. உங்கம்மா போனே பண்றதில்ல, என்ன கோவம்னு கேட்டேன்னு சொல்லு."

உடனே கூப்பிட்டுப் பேசியிருக்கலாமேன்னுதானே கேக்கறீங்க. மூணு தரம் நம்பரை எடுத்தா, மூணு தரமும் வச்சுட்டா. கட்டிதானே, ஆபரேசன் ஆகி நல்லா இருப்பாங்கன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. பத்திரிகை வைக்கப் போறப்ப தனியாப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு, அப்புறமா அப்பாகிட்ட சொல்லிக்கலாம்னு ஒரு கணக்கு. பயந்தவங்க போடுற கணக்கு எல்லாம் இப்படித்தான் இருக்கும், நானும் போட்டிருக்கேன்.

"பூ வாடிடும், மேல ஈரத்துணி போடு," ராஜமேரி கூடையைக் கட்டிக்கிட்டே சொன்னாங்க. வெத்தலை பாக்கு, வாழைப்பழம், ரெண்டு முழம் மல்லி, பாஞ்சாலிக்கு ஒரு ரவிக்கைத் துணி. மேல பத்திரிகை.

"அம்மா."

"என்னடி."

"பாஞ்சாலி அத்தைக்கு ஒரு போன் போட்டுட்டுப் போலாமா? வூட்ல இருக்காங்களோ என்னவோ."

"பத்திரிகை வைக்கறதுக்கு போன் போட்டுட்டா போவாங்க? நேராப் போயி வாசல்ல நிக்கணும். ஆறு மாசம் எட்டிப் பாக்காம இருந்தோம், போன்லயே சமாதானம் பேசிட்டு மூஞ்சியைக் காட்டாம இருந்துக்கலாம்னு பாக்கறியா?"

அம்மா எதையும் தெரிஞ்சு சொல்லலை. ஆனா சொன்னது சரியா வந்து விழுந்துச்சு.

"நானே வரணும்தான்," ராஜமேரி சொன்னாங்க. "பதினாலு பேருக்கு யாரு வடிக்கிறது? அவ திட்டினான்னா எனக்கும் சேர்த்து வாங்கிக்க. மாசா மாசம் மணிக்கணக்குல பேசின பொம்பளை நான். எம்மேலதான் அவளுக்குக் கோவம் ஜாஸ்தி இருக்கும்."

தெரசா தலை வாரி, புதுச் சேலை கட்டி ரெடியா நின்னா. அவ கையில ஒரு சின்ன பாட்டில். ஃபாதர் மந்திரிச்சுக் கொடுத்த எண்ணெய். முட்டிக்குத் தேய்க்க.

"நானே தேச்சு விடறேன்பா," ஜோசப் ராஜ்கிட்ட சொன்னா. "அக்கா காலை நீட்டினா போதும்."

பஸ்ல கூட்டமில்லை. தெரசா ஜன்னலோரம். ஜோசப் ராஜும் ஆக்சிலியாவும் பின் சீட்ல. கொஞ்ச தூரம் போனதும் அவரே பேச ஆரம்பிச்சார்.

"இந்த ஆறு மாசம் நாம தப்புப் பண்ணிட்டோம் ஆக்சி."

"என்னப்பா?"

"கஷ்டம் வந்தப்ப யாரு முதல்ல ஓடி வந்தாங்களோ அவங்களை விட்டுட்டோம். நானூறு பேருக்குக் காலை வணக்கம் சொன்னோம். அந்த நாப்பது பேரு நல்லா இருக்காங்களான்னு கேக்கலை. கூரையைப் பாக்கவே நேரம் சரியாப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய்யி. அவங்களுக்குத்தான் நம்மளைத் தெரியுமே, கோவிச்சுக்க மாட்டாங்கன்னு ஒரு எளக்காரம்."

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவர் திரும்பி அவ முகத்தையே பார்த்தார். சொல்றதுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்தக் குரல் பதிவு அவ மடியில இருந்த போன்லயே இருக்கு.

"வீடியோல பெரியண்ணன் மாமா டிராக்டரை நான் வெட்டிட்டேன்பா."

"எதுக்கு?"

"ஒரு நிமிசத்துக்குள்ள முடிக்கணும். அதுவுமில்லாம, உதவி வந்துடுச்சுன்னு தெரிஞ்சா பாக்கறவங்களுக்குப் பரிதாபம் கொறைஞ்சுடும்."

ஜோசப் ராஜ் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டார். அப்புறம், "அதையும் அங்க போயி சொல்லிடு"ன்னார்.

பெரிய தப்பை ஒளிச்சுக்கிட்டுச் சின்னத் தப்பை நீட்டினா, அதுக்கும் மன்னிப்புக் கிடைக்கலை.

பாலக்கோட்டுல இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போனாங்க. பெரியண்ணன் வூடு தோட்டத்து நடுவுல. வாசல்ல அவர் மருமக காவியா காலித் தக்காளிப் பெட்டிங்களைத் தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டு இருந்தா. இவங்களைப் பார்த்ததும் கை நின்னுச்சு. ஜோசப் ராஜைப் பார்த்தா, கூடையைப் பார்த்தா, ஈரத்துணிக்கு வெளியே எட்டிப் பார்த்த மல்லியைப் பார்த்தா.

"பூவு யாருக்குங்க?"

"பாஞ்சாலி அக்காவுக்கு," தெரசா முந்திக்கிட்டா. "எண்ணெயும் இருக்கு. முட்டிக்கு."

காவியா தண்ணியை நிறுத்தினா. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு உள்ளே போனா. "மாமா, இல்லத்துக்காரங்க வந்திருக்காங்க"ன்னு அவ குரல் மட்டும் கேட்டுச்சு.

உள்ளே நுழைஞ்சதும் நேர் சுவத்துல பாஞ்சாலி படம். சந்தனமாலை போட்டு, கீழே அகல் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

நான் இதை எழுதறதுக்கு ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டா மாறிடுமா என்ன.

"வாங்க உபதேசியாரே, உக்காருங்க," பெரியண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அறுபத்தஞ்சு வயசு. மேல் சட்டை போட்டுக்கிட்டே வந்தார். "காவியா, தண்ணி கொண்டா."

ஜோசப் ராஜ் உக்காரலை. "எப்பங்கண்ணா?"

"மாசி இருவத்திரெண்டு."

"எங்களுக்கு ஒரு வார்த்தை..."

"சொல்லி விடலாம்னுதான் பையன் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். உசுரோட இருக்கறப்ப கூப்பிட்டு வரலை. இதுக்கு எதுக்குக் கூப்பிடறதுன்னு இருந்துச்சுங்க."

குரல்ல சூடு இல்லை. பஸ் நேரம் சொல்ற மாதிரி சொன்னார். அதுதான் கேக்க முடியலை.

"கூப்பிட்டீங்களா?" ஜோசப் ராஜ் கேட்டார்.

தண்ணி டம்ளரை வச்சுட்டு நிமிர்ந்த காவியாதான் பதில் சொன்னா. "அத்தையே பேசி அனுப்பினாங்க. என்னை போனைப் பிடிச்சுக்கச் சொல்லி, அவங்க பேசினாங்க. நீங்க உடனே பதில் போட்டீங்களே, ஜெபிக்கிறோம்னு. உங்க பேரு போட்டு வந்துச்சு."

ஆக்சிலியா கூடையை இறுக்கிப் பிடிச்சா.

"அது வந்ததுல அத்தைக்கு அவ்வளவு சந்தோசம்," காவியா நிறுத்தலை. "மறுநாளே சேலத்துல படுக்கை சொல்லி வச்சிருந்துச்சு. போக மாட்டேன்னுட்டாங்க. உபதேசியாரு ஜெபிக்கிறேன்னு சொல்லிட்டாரு, எட்டு நாளுக்குள்ள வந்துடுவாரு, அவரு கை வச்சுட்டுப் போனப்பறம் போலாம்னாங்க. எட்டு நாளும் வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. ஒம்பதாம் நாளு நாங்களே தூக்கிட்டுப் போனோம்."

"விடு காவியா," பெரியண்ணன் சொன்னார்.

"என்னத்தைங்க மாமா விடறது? அத்தை போயி ரெண்டு மாசம் கழிச்சு, இந்த மாசம் அன்னையர் தினத்துக்கு உங்க இல்லத்துல இருந்து வாழ்த்து வருது. நூறாண்டு வாழ்கன்னு. அத்தை போனுக்கே வருது."

அவ உள்ளே போயிட்டா. அழறதுக்காகப் போனாளா, கோவத்துல போனாளான்னு தெரியலை.

ஜோசப் ராஜ் பெரியண்ணனைப் பார்த்துக் கேட்டார், "எட்டு நாளு முன்னாடியே போயிருந்தா..."

"அந்த டாக்டரும் சொல்லலை. நானும் கேக்கலைங்க. கேட்டு என்ன பண்றது?" அலமாரியில இருந்து ஒரு போனை எடுத்தார். பாஞ்சாலி போன். இன்னும் சார்ஜ் போட்டு வச்சிருந்தார். "அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்களே. தெனம் காலையில இதை எடுத்துக் கொடுத்து, உபதேசியாரு போட்டதைப் படிங்கன்னுவா. நான் படிப்பேன். மறுபடியும் படிங்கன்னுவா."

நீட்டினார். ஜோசப் ராஜ் வாங்கிப் பார்த்தார். 'உங்களுக்காக ஜெபிக்கிறோம். அன்புடன், ஜோசப் ராஜ்.' அவர் வாழ்க்கையில போன்ல ஒரு வரி தட்டினதில்லை. மெதுவாத் திரும்பி மகளைப் பார்த்தார்.

ஆக்சிலியா முகத்துல எல்லாம் எழுதியிருந்துச்சு.

ஒரு தகப்பன் என்ன செய்வார்னு நினைக்கறீங்க. இவர் போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, பெரியண்ணன் முன்னால கையைக் கூப்பினார். "நான்தாங்க வரலை. எம்மேலதான் தப்பு. என்னை மன்னிச்சுடுங்கண்ணா."

"இல்லீங்க மாமா." ஆக்சிலியா குரல் அவளுக்கே கேக்கலை. திரும்பச் சொன்னா. "இல்லீங்க மாமா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. அத்தை எனக்குத்தான் பேசி அனுப்பினாங்க. நான் அதைக் கேக்கவே இல்லை. நூத்துக்கணக்குல வந்ததுல அடியில போயிடுச்சு. போன வாரம்தான் கேட்டேன். கேட்டும் அப்பாகிட்ட சொல்லலை."

"அப்ப இந்தப் பதிலு நீ போட்டதா?"

இங்கே ஆமான்னு சொல்லியிருக்கலாம். அது கொஞ்சம் நல்ல பொய்யா இருந்திருக்கும்.

"நானும் போடலை மாமா. யாரு என்ன அனுப்பினாலும் போனே அந்தப் பதிலை அனுப்பும். நான் அப்படி வச்சிருந்தேன்."

பெரியண்ணன் போனையே பார்த்துக்கிட்டு இருந்தார். கண்ணாடியை நெத்தியில ஏத்தி, கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அப்ப இதை யாருமே எழுதலையா கண்ணு?"

"இல்லீங்க மாமா."

"எட்டு நாளு படிச்சுக் காட்டினேனே."

ஆக்சிலியா அங்கேயே தரையில உக்காந்துட்டா. அழுகை வந்துச்சு. அழறதுக்குத் தனக்கு என்ன யோக்கியதைன்னும் தோணுச்சு. ஜோசப் ராஜ் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். தெரசா மட்டும் எண்ணெய் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டுப் படத்தையே பார்த்துக்கிட்டு நின்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு பெரியண்ணன் கூடையைக் காட்டினார். "அது என்னங்க பத்திரிகையா?"

"வேண்டாங்கண்ணா, இன்னொரு நாளு..." ஜோசப் ராஜ் அதைக் கூடைக்குள்ள தள்ளப் பார்த்தார்.

"குடுங்க."

வாங்கிப் பிரிச்சார். கூரை மந்திரிப்பு. குத்துவிளக்கு ஏற்றுபவர்கள்: திரு. பெரியண்ணன் - திருமதி. பாஞ்சாலி, பாலக்கோடு. ரெண்டு தரம் படிச்சார்.

"எல்லாருக்கும் குடுத்தாச்சா?"

"போன ஞாயிறே கோயில்ல குடுத்துட்டோம்ங்க. முன்னூறும்."

பெரியண்ணன் மடிச்சுப் படத்துக்குக் கீழே அகல் பக்கத்துல வச்சார். "இருக்கட்டும். வருவேனான்னு இப்பக் கேக்காதீங்க. எனக்கே தெரியலை."

காவியா உள்ளேயிருந்து வந்தா. கூடையில இருந்த மல்லியை எடுத்துப் படத்துக்குப் போட்டா. ரவிக்கைத் துணியைத் தொடலை.

கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்த பெரியண்ணன் ஆக்சிலியாவைக் கூப்பிட்டார். கையில அந்த போன்.

"கண்ணு, இதுல இன்னும் மூணு இருக்குது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உனக்குத்தான் பேசியிருக்கா. அப்ப ரீசார்ஜ் தீந்திருந்துச்சு, ஒண்ணும் போய்ச் சேராமலே நின்னுடுச்சாம். பையன் பாத்துட்டுச் சொன்னான். நான் கேக்கலை. அவ குரலைக் கேக்க எனக்கு இன்னும் தெம்பு வரலை."

ஆக்சிலியா கையை நீட்டினா. அவர் கொடுக்கலை.

"இன்னிக்கு வேண்டாம். எடுத்துக்கிட்டும் போக வேண்டாம். இங்க வா, இங்க உக்காந்து கேளு, நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். எட்டு நாளுக்குள்ள வா."

"வர்றேன் மாமா. உங்களுக்காக..."

"அதைச் சொல்லாத கண்ணு. வா, போதும்."

திரும்பற பஸ்ல, பாப்பாரப்பட்டி வர்றப்ப ஜோசப் ராஜ், "அம்மாகிட்ட நீயே சொல்லு"ன்னார். அவ சொன்னா. ராஜமேரி அடிக்கலை, திட்டலை. "அவ என்னையுமா கேட்டா? கோவமான்னா கேட்டா?"ன்னு அதையே நாலு தரம் கேட்டுட்டு, அடுப்புல இருந்ததை இறக்காம உக்காந்துட்டாங்க. அன்னிக்குச் சோறு அடிப்பிடிச்சுப் போச்சு.

சாயங்காலம் புதுக் கூரைக்குக் கீழே ஜெபமாலை. ஒவ்வொருத்தியாத் தன் சீட்டுப் பேருங்களைச் சொல்லி வந்தாங்க. தெரசா முறை வந்துச்சு.

"பாலக்கோடு பாஞ்சாலி அக்கா," ஆரம்பிச்சா. முட்டி வலி வாய் வரைக்கும் வந்து நின்னுச்சு. "இப்ப அக்காவுக்கு வலி இல்லைதானேப்பா?"

"இல்லம்மா," ஜோசப் ராஜ் சொன்னார்.

"அப்ப நான் அந்த மாமா பேரைச் சொல்லட்டுமா?"

"சொல்லும்மா."

"மாமாவுக்கு என்ன நோவு?"

ஜோசப் ராஜ் ராஜமேரியைப் பார்த்தார். ராஜமேரி ஆக்சிலியாவைப் பார்த்தாங்க. தெரசா ஜெபமாலை மணியைப் பிடிச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தா, மத்தவங்களும் காத்துக்கிட்டு இருந்தாங்க.

ஒருத்தருக்கும் தெரியலை. பத்திரிகை வச்சாங்க, தப்பை ஒத்துக்கிட்டாங்க, கையைக் கூப்பினாங்க, அழுதாங்க. வூட்டுக்காரியைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருந்த அந்த மனுசனை, நீங்க எப்படி இருக்கீங்கன்னு மூணு பேர்ல ஒருத்தர்கூடக் கேக்கலை.